காயம்பட்ட தேதி, இறந்த தேதி

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மகள் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருக்கிறாள். "டிவியைப் போட்டால் அங்கே துப்பாக்கிச் சூடு என்றுதான் செய்தி. உண்மையில் ஆண்டுக்கு எத்தனை பேர் துப்பாக்கியால் சாகிறார்கள்? செய்திக்காரர்கள் ஊதிப் பெரிதாக்குகிறார்களா? நான் பயப்பட வேண்டுமா?" என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அம்மா, மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டுக்கும் என்னால் ஓரளவு பொறுப்போடு பதில் சொல்ல முடியும். அமெரிக்க மாநிலம் ஒன்றின் சுகாதாரத் துறையில் இறப்புச் சான்றிதழ்களைப் படித்து, ஒவ்வொரு சாவையும் அதற்குரிய காரணக் குறியீட்டின் கீழ் சேர்ப்பது என் பிழைப்பு. நீங்கள் செய்தியில் பார்க்கும் எண்கள் எங்களைப் போன்றவர்களின் மேசைகளிலிருந்து கிளம்பிப் போனவைதான். அதனால் அவற்றின் பலமும் தெரியும், ஓட்டையும் தெரியும்.

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். சராசரியாக நாளொன்றுக்கு 128. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இதைவிட மோசம்: 2021-ல் 48,830, 2022-ல் 48,204. பதிவான காலம் முழுவதும் பார்த்தால் 2021-தான் உச்சம்.

இந்த 46,728-ஐப் பிரித்துக் காட்டும்போதுதான் பலரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதில் 27,300 தற்கொலை. 17,927 கொலை. போலீசார் சுட்டு இறந்ததாகப் பதிவானவை 604. கை தவறி வெடித்து இறந்தவர்கள் 463. மீதி 434 பேர் எப்படி இறந்தார்கள் என்று மரண விசாரணை அதிகாரியால் முடிவுக்கு வர முடியவில்லை. துப்பாக்கியால் சாகும் நூறு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர், விசையைத் தாங்களே அழுத்தியவர்கள்.

ஓட்டை என்று சொன்னேன் அல்லவா? அந்த 604-ஐயும் 463-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சான்றிதழில் "போலீசார் சுட்டதால்" என்ற சொற்கள் இருந்தால்தான் நாங்கள் அதை அந்தக் குறியீட்டில் போட முடியும். விசாரணை அதிகாரி வெறுமனே "துப்பாக்கிக் காயம், கொலை" என்று எழுதி அனுப்பினால் அது கொலைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2015 முதல் செய்திகளையும் காவல்துறை அறிக்கைகளையும் வைத்துத் தனியே ஒரு கணக்கு நடத்தியது. அதன்படி போலீசார் சுட்டு இறப்பவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தை ஒட்டி. விபத்துக் கணக்கிலும் இதே கதைதான். ஒரு சிறுவன் அலமாரியில் கிடந்த துப்பாக்கியை எடுத்து விளையாடியபோது வெடித்துத் தம்பி இறந்தால், சுட்டது இன்னொரு மனிதன் என்பதால் பல அதிகாரிகள் அதைக் கொலை என்றே எழுதுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது கொலைக் குற்றம் ஆகாமல் போகலாம், காகிதத்தில் கொலைதான். ஆக மொத்த எண் உறுதியானது. உள்பிரிவுகள், குறிப்பாகச் சிறியவை, கொஞ்சம் தள்ளாடும்.

இப்போது இரண்டாவது கேள்வி. செய்திக்காரர்கள் ஊதிப் பெரிதாக்குகிறார்களா? ஒன்றைப் பெரிதாக்குகிறார்கள், இன்னொன்றைக் காட்டுவதே இல்லை.

பெரிதாகத் தெரிவது கூட்டத்தில் புகுந்து சுடும் சம்பவங்கள். ஊர்ப் பெயர்கள் உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும். 1999-ல் கொலம்பைன் பள்ளி. 2012-ல் சாண்டி ஹூக், ஆறும் ஏழும் வயதான இருபது குழந்தைகள், ஆறு பெரியவர்கள். 2017-ல் லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சி. 2022-ல் யுவால்டி, பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும்; வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் போலீசார் 77 நிமிடம் நின்றுகொண்டிருந்தார்கள். துப்பாக்கி வன்முறை ஆவணகம் என்ற அமைப்பு, சுட்டவனைச் சேர்க்காமல் நான்கு பேரோ அதற்கு மேலோ குண்டடிபட்டாலே அதைக் கூட்டத் துப்பாக்கிச் சூடு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தத் தாராளமான வரையறையின்படி 2023-ல் 650-க்கும் மேற்பட்ட சம்பவங்கள். அவ்வளவையும் கூட்டினாலும், அவற்றில் இறந்தவர்கள் அந்த ஆண்டின் மொத்தத் துப்பாக்கிச் சாவில் நூற்றுக்கு இரண்டைத் தாண்டமாட்டார்கள்.

அந்த இரண்டு சதவீதம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, குழந்தைகளை மூலையில் சத்தமில்லாமல் உட்காரவைக்கும் ஒத்திகை நடக்கிறது. எழுத்துக்கூட்டத் தொடங்கும் வயதில் பிள்ளைகள் இதையும் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் குறியீடு கிடையாது, அதனால் என் மேசைக்கு வருவதும் இல்லை.

காட்டப்படாதது எது? என் மேசைக்கு வரும் சான்றிதழ் ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதே வார்ப்பில் மாதம் பல வரும். வயது 67. ஆண். வெள்ளையர். படைப்பணி செய்தவரா என்ற கட்டத்தில், ஆம். வழக்கமான தொழில்: பால் பண்ணை. காயம் ஏற்பட்ட இடம்: வீடு. காயம் ஏற்பட்ட நேரம்: தெரியவில்லை. தகவல் தந்தவர்: மனைவி. காயம் எப்படி ஏற்பட்டது என்று விவரிக்க ஒரே ஒரு வரிதான் இடம். அதில் நான்கைந்து சொற்கள். எந்த வகைத் துப்பாக்கி என்று அந்த வரியில் எழுதியிருந்தால் கைத்துப்பாக்கிக்கு எக்ஸ்-72, நீளக்குழல் என்றால் எக்ஸ்-73. எழுதாமல் விட்டால் "வகை குறிப்பிடப்படாதது" என்று எக்ஸ்-74. பாதிக்கு மேல் என் கைக்கு வருபவை இந்தக் கடைசி வகைதான். ஒருவரின் சாவில் எது கையில் இருந்தது என்ற ஒரு சொல்லைக்கூட எழுத யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. இப்படி ஒரு சாவுக்காக எந்தத் தொலைக்காட்சி வண்டியும் வந்து நிற்பதில்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் பத்தியில் "வீட்டில் எதிர்பாராமல் காலமானார்" என்று வரும்.

துப்பாக்கித் தற்கொலைகள் அதிகம் நடப்பது பெருநகரங்களில் என்று நினைத்தால் தவறு. வயோமிங், மொன்டானா, அலாஸ்கா போன்ற ஆளரவம் குறைந்த மாநிலங்களில்தான் விகிதம் உச்சத்தில் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களில் 2022-ல் மட்டும் 6,407 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், பத்தில் ஏழு பேருக்கு மேல் துப்பாக்கியால்.

"சாக முடிவெடுத்தவர் எப்படியும் செத்திருப்பார்தானே?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. இந்தத் துறையில் மிக உறுதியாக நிறுவப்பட்ட உண்மைகளில் ஒன்று இது. தற்கொலை முயற்சியில் உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நெருக்கடி வந்து போகும் அலை. பலருக்கு முடிவுக்கும் முயற்சிக்கும் இடைவெளி சில நிமிடங்கள்தான். மற்ற வழிகளை நாடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது மீதி வாழ்நாள்.

இதைத் துப்பாக்கிக்காரர்களே புரிந்துகொண்ட ஒரு சம்பவம் உண்டு. 2009-ல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத மூன்று பேர் ஒரே வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சென்று, வாங்கிய சில மணி நேரத்திலேயே தங்களைச் சுட்டுக்கொண்டார்கள். கடை உரிமையாளர் ஆடிப்போனார். அவரும் வேறு சில வியாபாரிகளும் சுகாதாரத் துறைக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாமல், பராமரிப்பு பற்றி எதுவும் கேட்காமல், அவசரமாக வாங்க வருபவரைக் கவனியுங்கள். சந்தேகமாக இருந்தால் விற்காதீர்கள். வீட்டில் யாராவது மனம் ஒடிந்திருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வெளியே கொடுத்து வையுங்கள். இவ்வளவுதான். பின்னர் வேறு பல மாநிலங்களிலும் இதைப் பின்பற்றினார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் திட்டாமல் பேசத் தொடங்கிய அரிதான முயற்சிகளில் இது ஒன்று என்பதால் எனக்கு இதன்மேல் தனிப்பட்ட மரியாதை உண்டு.

கொலைகளுக்கு வருவோம். இங்கே முகமே மாறிவிடுகிறது. தற்கொலைச் சான்றிதழ்களில் வயதான வெள்ளையர்கள் என்றால், கொலைச் சான்றிதழ்களில் கருப்பின இளைஞர்கள். துப்பாக்கியால் கொலையாகும் விகிதம் கருப்பினத்தவரிடையே வெள்ளையரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஒரே நகரத்துக்குள்ளும் இது சமமாகப் பரவியிருப்பதில்லை. சில தெருக்கள், சில சந்திப்புகள். பல பத்தாண்டுகளுக்கு முன் வங்கிகள் வீட்டுக்கடன் தர மறுத்து வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கிய அதே பகுதிகள் பல இடங்களில் இன்றைய கொலை வரைபடத்தோடு பொருந்திப்போகின்றன.

சிகாகோவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியல்வாதிகள் துப்பாக்கி என்றதும் சிகாகோ என்பார்கள். பெரிய ஊர், அதனால் எண்ணும் பெரிது. மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் செயின்ட் லூயிஸ், மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஊர்கள் பல ஆண்டுகளில் சிகாகோவைத் தாண்டியிருக்கின்றன. மாநிலங்களை எடுத்துக்கொண்டால் மிசிசிப்பியில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 29 துப்பாக்கிச் சாவு. மாசசூசெட்ஸில் நான்குக்கும் குறைவு. ஒரே நாடு, ஒரே அரசியல் சாசனம், ஏழு மடங்கு வித்தியாசம். "அமெரிக்கா ஆபத்தானதா?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆயுதத்தைப் பற்றியும் ஒரு தவறான படம் மனதில் இருக்கிறது. ராணுவத் துப்பாக்கி போல இருக்கும் ரைஃபிளைத்தான் செய்தியில் காட்டுவார்கள். 2020-ல் எஃப்பிஐ-யிடம் விவரம் பதிவான துப்பாக்கிக் கொலைகளில் கைத்துப்பாக்கி 59 சதவீதம்; எல்லா வகை ரைஃபிளும் சேர்ந்து 3 சதவீதம்; மீதியில் பெரும்பகுதிக்கு வகையே பதிவாகவில்லை. சட்டைக்குள் மறையும் சின்னத் துப்பாக்கிதான் பெரும்பாலும் கொல்கிறது.

குழந்தைகள். 2020-ல் ஒரு கோடு தாண்டப்பட்டது. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு அதுவரை முதல் காரணமாக இருந்தது வாகன விபத்து. அந்த ஆண்டு துப்பாக்கி அதை முந்தியது. இரண்டு கோடுகளை வரைந்து பாருங்கள்: வாகன விபத்துக் கோடு பல ஆண்டுகளில் நெடுகச் சரிந்திருக்கிறது, துப்பாக்கிக் கோடு ஏறி வந்து அதை வெட்டுகிறது. கார் சாவு தானாகக் குறையவில்லை. சீட் பெல்ட், காற்றுப்பை, குழந்தை இருக்கை, குடித்துவிட்டு ஓட்டினால் தண்டனை, சாலை வளைவுகளின் அமைப்பு என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, அளந்து, மாற்றினார்கள். யாரும் காரைத் தடை செய்யவில்லை.

துப்பாக்கி விஷயத்தில் அந்த ஆராய்ச்சியே நிறுத்தப்பட்டது. 1993-ல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் அபாயம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்றது. பாதுகாப்புக்காக வாங்குவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள் அது. துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கம் கொதித்தெழுந்தது. 1996-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த ஒரு வரித் திருத்தம், மத்திய அரசின் சுகாதார அமைப்பான நோய்த் தடுப்பு மையத்தின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ செலவழிக்கக் கூடாது என்றது. கூடவே 26 லட்சம் டாலர் வெட்டப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு துப்பாக்கிக் காய ஆய்வுக்குச் செலவான அதே தொகை. ஆராய்ச்சியைத் தடுக்கிறோம் என்று சட்டத்தில் ஒரு சொல் இல்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 2019 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் மீண்டும் பணம் ஒதுக்கியது, நோய்த் தடுப்பு மையத்துக்கும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் சேர்த்து இரண்டரைக் கோடி டாலர். டிக்கியே பின்னாளில் வருந்தினார். தன்னோடு அன்று மோதிய ஆய்வு மையத் தலைவர் மார்க் ரோசன்பெர்க்கோடு நட்பாகி, ஆராய்ச்சி வேண்டும் என்று 2012-ல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

தகவல் இல்லாமல் வைத்திருப்பது இங்கே ஏதோ மறதியால் நடந்ததில்லை, சட்டமாகவே இருக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று கண்டுபிடிக்க நாட்டுக்கு ஒரே ஓர் இடம்தான்: மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற சிற்றூர். மூடப்பட்ட துப்பாக்கிக் கடைகளின் விற்பனைப் பதிவேடுகள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து இறங்குகின்றன. தாள்களைப் படமெடுத்துச் சேமிக்கலாம். ஆனால் பெயரைத் தட்டினால் வந்து நிற்கும்படி கணினியில் தேடக்கூடியதாக்கக் கூடாது. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு உருவாகிவிடக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் ஊழியர்கள் திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுகிறார்கள். நூலகத்தில் அட்டவணை இல்லாமல் புத்தகம் தேடுவது போல. தேட வேண்டியதும் கொஞ்சமில்லை: சிறு ஆயுதங்களைக் கணக்கெடுக்கும் ஜெனீவா ஆய்வகத்தின் 2018 மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள், நூறு பேருக்கு 120. ஆனால் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள் மூன்றில் ஒருவர்தான். ஒருவரிடமே பல இருக்கின்றன என்பது பொருள்.

சட்டத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன், அது தனிக் கடல். 1791-ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-ல்தான். 2022-ல் இன்னொரு தீர்ப்பு அதை வீட்டுக்கு வெளியேயும் விரித்தது. குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 2024-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த சட்டம், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் மத்திய அளவில் வந்த முதல் பெரிய துப்பாக்கிச் சட்டம். கொலைகள் அதன்பின் குறைந்துவருகின்றன என்பது உண்மை. ஆனால் பெருந்தொற்றுக் கால ஏற்றம் தணிந்ததும் ஒரு காரணம் என்பதால், எவ்வளவு பங்கு எதற்கு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தற்கொலைகள் குறையவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் செத்தவர்கள் கணக்கு. குண்டடிபட்டுப் பிழைப்பவர்கள் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவர்கள் என் மேசைக்கு வருவதில்லை, உடனே வருவதில்லை என்று சொல்ல வேண்டும்.

திரைப்படங்களில் குண்டை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் "டங்" என்று போடுவார்கள். நிஜத்தில் ஆபத்தான இடத்தில் இல்லையென்றால் பெரும்பாலும் குண்டை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். எடுக்கப் போனால் கூடுதல் சேதம். காயம்பட்டவர் அதைச் சுமந்துகொண்டே வேலைக்குப் போகிறார், விமான நிலையச் சோதனையில் விளக்கம் சொல்கிறார். முதுகுத்தண்டில் பட்டவருக்குச் சக்கர நாற்காலி, அழுத்தப்புண், சிறுநீர்த் தொற்று. குடலில் பட்டவருக்கு வயிற்றில் ஒட்டிய பை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சிக்கல்களில் ஒன்று உயிரைக் கொண்டுபோகும்போது சான்றிதழ் எங்களிடம் வருகிறது. அதில் "காயம்பட்ட தேதி" என்று ஒரு கட்டம், "இறந்த தேதி" என்று ஒரு கட்டம். பெரும்பாலான சான்றிதழ்களில் இரண்டும் ஒரே நாள். சிலவற்றில் இடையே ஒரு வாழ்க்கையே கிடக்கும்.

ஜேம்ஸ் பிராடி, அதிபர் ரீகனின் பத்திரிகைச் செயலர். காயம்பட்டது 1981 மார்ச் 30, ரீகனைக் கொல்ல முயன்றவன் சுட்ட குண்டு தலையில். இறந்தது 2014 ஆகஸ்ட் 4. விசாரணை அதிகாரி அதைக் கொலை என்றே எழுதினார். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. விஸ்கான்சினில் ஓக் க்ரீக் குருத்வாராவில் 2012 ஆகஸ்ட் 5 அன்று ஆறு பேர் இறந்தார்கள் என்று செய்தி வந்தது. தலையில் குண்டு பாய்ந்து அசைவின்றிப் படுத்திருந்த ஒரு கிரந்தி, அதாவது சீக்கிய மதகுரு, 2020-ல் இறந்தபோது அது ஏழானது. லாஸ் வேகாஸில் முதலில் சொன்ன 58, இப்போது 60. கொலம்பைனில் சக்கர நாற்காலிக்குத் தள்ளப்பட்ட மாணவி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து 2025-ல் இறந்தார். காரணம் அந்தக் காயமே என்று அதிகாரி தீர்மானித்தார், பதின்மூன்று பதினான்கானது. எனக்குத் தெரிந்து இவற்றில் மிக நீண்டவற்றுள் ஒன்று, டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து 1966 ஆகஸ்ட் 1 அன்று ஒருவன் சுட்டபோது அடிபட்ட மாணவருடையது. பிறவியிலேயே அவருக்கு வேலை செய்தது ஒரு சிறுநீரகம்தான். குண்டு அதைத்தான் கெடுத்தது. பல ஆண்டு அவதிக்குப் பின் டயாலிசிஸ் போதும் என்று நிறுத்திக்கொண்டு 2001 நவம்பரில் இறந்தார். அவர் சான்றிதழிலும் கொலை.

இவர்களைச் சுற்றி இருப்பவர்களையும் சேர்த்தால் கணக்கு வேறு உருவம் எடுக்கிறது. 2023-ல் கைசர் குடும்ப அறக்கட்டளை நடத்திய கருத்துக்கணிப்பில், தற்கொலையையும் சேர்த்துத் துப்பாக்கிக்குக் குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்ததாக ஐந்தில் ஒருவர் சொன்னார். ஏறக்குறைய அதே அளவினர், தங்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்கர் பலரோடு பல ஆண்டு ஒன்றாக வேலை செய்தும் நெடுநாள் இந்தப் பேச்சு எழவே இல்லை. ஒருநாள் எழுந்தபோது, அறையில் இருந்த ஆறு பேரில் இருவர் அமைதியானார்கள்.

சரி, உங்கள் மூன்றாவது கேள்வி. மகளுக்காகப் பயப்பட வேண்டுமா?

தமிழ்க் குடும்பம் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பேராசிரியர் லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி-யிலும் கான்பூர் ஐஐடி-யிலும் படித்து, வர்ஜீனியா டெக்கில் நீரியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். 2007 ஏப்ரல் 16 காலை அவருடைய வகுப்புக்குள் புகுந்த மாணவன் சுட்டதில் இறந்தார். அன்று இறந்த முப்பத்திரண்டு பேரில் மும்பையிலிருந்து வந்த மாணவி ஒருத்தியும் உண்டு. சுட்டவனிடம் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள், இரண்டும் பின்னணிச் சோதனையைத் தாண்டி வாங்கியவை. அவனால் அவனுக்கே ஆபத்து என்று 2005-ல் ஒரு நீதிபதி உத்தரவிட்டிருந்தது பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் போய்ச் சேரவே இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு "ஒன்றும் ஆகாது" என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் எண்களைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் ஒருவர் கொலையாகும் வாய்ப்பு மிகக் குறைவு. இனவாரியாகப் பார்த்தால் துப்பாக்கிச் சாவு விகிதம் மிகக் குறைவாக இருப்பது ஆசிய வம்சாவளியினரிடம்தான். தொலைக்காட்சியில் பார்க்கும் காட்சி அவளுக்கு நேரும் என்று நினைத்து நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. எந்த மாநிலம் என்று பாருங்கள். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் உரிமம் உள்ளவர் துப்பாக்கியை மறைத்து எடுத்துவரச் சட்டம் அனுமதிக்கிறது. டெக்சாஸில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஆகஸ்ட் 1, நான் மேலே சொன்ன கோபுரச் சம்பவத்தின் சரியான ஐம்பதாவது ஆண்டு நிறைவு. தெரியாத வீட்டு வாசலில் இரவில் தட்டுவது, வழி தவறி வேறொருவர் வளவுக்குள் வண்டியைத் திருப்புவது, சாலையில் யாரோடாவது சத்தம் போடுவது ஆகியவை கூடாது. படிப்புச் சுமையில், தனிமையில், பணக் கவலையில் பிள்ளைகள் ஒடிந்துபோவது உண்டு. மன நெருக்கடி உதவிக்கான 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்பது அவள் கைபேசியில் இருக்கட்டும்.

பிறகு, வளாகத்துக்கு வெளியே நாலைந்து பேராக வீடு எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நாய் வளர்க்கிறீர்களா, சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்பது போலவே, கூச்சப்படாமல் கேட்கலாம். அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? எங்கே பூட்டி வைத்திருக்கிறீர்கள், தோட்டா எங்கே இருக்கிறது?" பூட்டு இல்லை என்றால், பல காவல் நிலையங்களில் கம்பிவடப் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். அதைக்கூட வாங்கி மாட்டாத வீடு என்றால் வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள், வாடகை நூறு டாலர் கூடுதலாக இருந்தாலும்.